என் கம்பம், என் வயர், பர்வீன் நெட்

1. யாரோ ஒரு பெரியவர்

பெரியபட்டினத்தில் ஒரு வீட்டு வாசலில் ஏணி போட்டு, நானே மேலே ஏறி, அறுந்து தொங்கிய வயரைக் கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. நான் ஏற வேண்டிய அவசியம் இல்லை, சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு என் ஆள் முருகேசன் உச்சிப்புளியில் வேறு வேலையில் இருந்தான். நானும் சும்மா உட்காருகிற ஆள் இல்லை.

வேலை முடிந்தது. உள்ளே மோடத்தில் சிவப்பு விளக்கு போய்ப் பச்சை வந்தது. அந்த வீட்டம்மா ஏணிக்குக் கீழேயே நின்று போன் போட்டார்.

"பர்வீனு, லைன் வந்துருச்சும்மா. நீ சொன்ன மாதிரி மத்தியானத்துக்குள்ள வந்துருச்சு. அல்லா உனக்கு பரக்கத்தைக் குடுப்பான். ஆமா, ஆளு வந்திருக்காரு. யாரோ ஒரு பெரியவரு. இந்த வயசுல நல்லாத்தான் ஏறுறாரு."

யாரோ ஒரு பெரியவர்!

அந்தக் கம்பம் நான் நட்டது. அதில் ஓடுகிற வயர் நான் இழுத்தது. அந்தத் தெருவுக்கு முதன்முதலில் கேபிள் டிவி கொடுத்தவன் நான், பிறகு இன்டர்நெட் கொடுத்தவனும் நான். அந்த அம்மா நன்றி சொன்னதோ, சொந்தமாக ஒரு அடி வயர்கூட இல்லாத ஒரு பெண்ணுக்கு. 

இந்தத் தொழிலுக்கு வருகிற இளம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். லைன் போடுவது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுப்பார்கள். போட்ட லைனை இன்னொருத்தர் விற்கும்போது வயிறு எரியாமல் இருப்பது எப்படி என்று எவனும் சொல்லித்தர மாட்டான். எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

2. ஆறாம் வகுப்பும் பன்னிரண்டு நிறமும்

நான் படித்தது ஆறாவது வரை. அய்யாவுக்கு திருப்புல்லாணிக்கு மேற்கே கொஞ்சம் மிளகாய்க் காடு. மழை வந்தால் மிளகாய், வராவிட்டால் ஒன்றுமில்லை. பதினாறு வயதில் டெலிபோன் கேபிள் புதைக்கப் பள்ளம் தோண்டும் வேலைக்குப் போனேன். மற்ற ஆட்கள் தோண்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நான் ஜாயின்ட் போடுகிறவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். அப்படிக் கற்றதுதான் எல்லாம்.

பிறகு டிஷ் வாங்கி கேபிள் டிவி. பிறகு பைபர். உச்சிப்புளியிலிருந்து பெரியபட்டினம் வரைக்கும் இந்தக் கடலோரத்தில் என் கம்பம் நிற்காத ஊர் இல்லை. உப்புக் காற்றில் இரும்புக் கம்பி ஆறு மாதத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும். வலைக்காரர்களிடம் நைலான் கயிறு வாங்கிக் கம்பத்தில் கட்டுகிற வழியைக் கண்டுபிடித்தவன் நான். இன்றைக்கு எல்லா ஆபரேட்டரும் அப்படித்தான் கட்டுகிறான். எவனும் என் பேரைச் சொல்வதில்லை, அது வேறு கதை.

பைபர் கேபிளுக்குள் முடி மாதிரி பன்னிரண்டு கண்ணாடி இழை இருக்கும். அதற்குக் கோர் என்று பேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ப்ளூ, ஆரஞ்சு, கிரீன், பிரவுன், ஸ்லேட், ஒயிட் என்று போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்வேன். இன்ஜினியரிங் படித்த தம்பிகள் அட்டையைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

3. வாடகைக்குப் போன இரண்டு கோர்

ஒரு நாள் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். கம்பெனி பேர் இங்கே வேண்டாம்.

"உங்க கேபிள்ல எத்தனை கோர் சும்மா கிடக்கு?" என்றார்.

"பன்னண்டுல எட்டு சும்மாதான் கிடக்கு சார்."

"அதுல ரெண்டு எங்களுக்குக் குடுங்க. எங்க மெஷினை உங்க ரூம்ல வச்சுக்குவோம். கஸ்டமர் எங்க ஆளு, பில்லு எங்க பில்லு. லைன் அறுந்தா நீங்க பாத்துக்குங்க. மாசாமாசம் வாடகை வந்துரும்."

"நீங்களே கம்பம் நட்டுக்கலாமே சார்?"

"நடலாம். ரெண்டு வருசம் ஆகும். உங்களுக்கும் எங்களுக்கும் சண்டை வரும். எதுக்கு?"

இதுதான் லைனை வாடகைக்கு விடுகிற தொழில். பெரிய பெரிய டெலிபோன் கம்பெனிகளும் ஒன்றின் லைனை இன்னொன்று வாங்கித் தன் பேரில் விற்கின்றன. ரோடு போட்டவன் ஒருத்தன், அதில் பஸ் விடுகிறவன் வேறொருத்தன். டிக்கெட் வாங்குகிறவனுக்கு பஸ்ஸின் பேர்தான் தெரியும்.

அக்ரிமென்ட் இங்கிலீஷில் இருந்தது. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் படித்துச் சொன்னார். முக்கியமாக மூன்று விஷயம். என் கஸ்டமர் லைனும் அவர்கள் கஸ்டமர் லைனும் ஒன்றாகப் பழுதானால், என்னுடையதை முதலில் பார்த்து அவர்களுடையதைக் கிடப்பில் போடக் கூடாது. அவர்கள் கஸ்டமர் வீட்டுக்கு வேலைக்குப் போன இடத்தில், என்னிடம் வந்துவிடுங்கள் என்று ஆள் பிடிக்கக் கூடாது. இதில் எதை மீறினாலும் அக்ரிமென்ட் ரத்து, அவர்கள் சொந்தமாகக் கம்பம் நட்டுக்கொள்வார்கள்.

"நட்டா என்னண்ணே ஆகும்?" என்று முருகேசன் கேட்டான்.

"நம்ம கம்பத்துக்குப் பக்கத்துல அவன் கம்பம் நிக்கும். விலையைக் குறைச்சு குறைச்சு ஒரு வருசத்துல நம்மளை மூட வச்சிருவான். வேற என்ன ஆகும்?"

தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். கிரீனும் பிரவுனும் அவர்களுக்குப் போயின.

4. செருப்பு எண்ணுகிற வேலை

பெரியபட்டினத்துக்கு அந்தக் கம்பெனியின் ஏஜென்டாக வந்தவள்தான் பர்வீன். முப்பது வயது இருக்கும். வாப்பா கருவாட்டு வியாபாரி. புருசன் கத்தாரில். கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை அளவுக்கு ஒரு ரூம், இரண்டு நாற்காலி, ஒரு ஸ்கூட்டி. ஏணி கிடையாது. மெஷின் கிடையாது. வயரில் எது ப்ளூ எது பிரவுன் என்றுகூட அவளுக்கு அப்போது தெரியாது.

முதல் நாள் என் ஆபீசுக்கு வந்தாள்.

"மாமா, உங்க வயர்லதான் எங்க பொழப்பு. துஆ செய்யிங்க."

"நல்லா செய்யி ஆத்தா," என்றேன். மூன்று மாதத்தில் ஓடிவிடுவாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

ஓடவில்லை. இரண்டு வருசத்தில் நாற்பத்தொரு வீடு பிடித்தாள். அதில் பதினேழு வீடு எனக்குக் கஸ்டமராக இருந்தவர்கள். அதே கம்பம், அதே வயர். வீட்டு மோடம் மட்டும் வேறு கலர்.

டீக்கடை காக்கா, இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம், ஒரு நாள் டீ ஆற்றிக்கொண்டே கேட்டார், "கருப்பையாண்ணே, உங்க நெட்டு மக்கர் பண்ணுதாமே? பர்வீன் நெட்டு அப்படியே ஓடுதாம்ல?"

"யோவ், ரெண்டும் ஒரே வயருய்யா."

"அது எப்படிண்ணே ஒரே வயரு? அதுக்குத்தான் வேற பேரு இருக்குல்ல?"

"பேரு வேற. வயரு என்னோடது."

"அப்ப நீங்க ஏன் அந்தப் புள்ள மாதிரி நல்லா ஓட்ட மாட்டேங்கிறீங்க?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. பெரிய மனுசத்தனமாக அதை மறைக்க விரும்பவில்லை. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பைக்கை அந்தக் கடைத்தெரு வழியாகத்தான் விடுவேன். அவள் ரூம் வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பேன். நான்கு ஜோடி கிடந்தால் அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது. ஒன்றும் கிடக்காவிட்டால் நன்றாகச் சாப்பிடுவேன். ஐந்நூறு கம்பம் நட்ட ஆள் நான். செருப்பு எண்ணிக்கொண்டு திரிந்தேன்.

என் ஆட்களுக்கு முதுகில் என் பேர் அடித்த டீ-சர்ட் தைத்துக் கொடுத்தேன். வேலைக்குப் போன வீட்டில், "பர்வீன் அனுப்புன ஆளுகளா, வாங்க வாங்க," என்றார்களாம். முதுகை யார் பார்க்கிறார்கள்?

கம்பெனியிலிருந்து எனக்கு வருகிற பழுது டிக்கெட்டில் வீட்டு விலாசம் மட்டும் இருக்கும். போன் நம்பர் இருக்காது. நம்பர் எல்லாம் அவளிடம் ஒரு நீள நோட்டில் இருந்தது. அந்த நோட்டு என் கையில் கிடைத்தால் ஒரே வாரத்தில் நாற்பத்தொரு வீட்டையும் திருப்பிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. கூடு போன மறுநாள்

பெரியபட்டினத்தில் தர்கா திருவிழாவுக்குச் சந்தனக்கூடு வருகிறது என்றால் எங்களுக்கு அது வயர் கழற்றுகிற வேலை. கூடு மாடி உயரத்துக்கு இருக்கும். அது வருகிற தெருவில் குறுக்கே ஒரு வயர் இருக்கக் கூடாது. ஜமாத்தில் முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். கரண்ட்காரர்களும் நாங்களும் அன்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும், மறுநாள் காலையில் ஏற்றிக் கட்ட வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் நெட் இல்லை என்று யாரும் கோபப்பட மாட்டார்கள். கூட்டுக்காக இறக்கியது என்றால் எல்லாருக்கும் சம்மதம்.

நீளம் மிச்சம் இருக்கிற இடத்தில் வயரை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைப்போம். ஒரே ஒரு முக்கில் நீளம் போதாது. அங்கே கேபிளை வெட்டித்தான் ஆக வேண்டும். வருசா வருசம் வெட்டுவோம், மறுநாள் ஜாயின்ட் போடுவோம்.

அந்த வருசமும் வெட்டினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்டோ பின்சீட்டில், வெட்டிய இழைகளை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினை வைத்து முருகேசன் உட்கார்ந்தான். அந்தப் பக்கத்து என் வீடுகள் எல்லாம் ப்ளூவிலும் ஆரஞ்சிலும் ஓடுகின்றன. அவை இரண்டையும் சேர்த்தான். கிரீனைக் கையில் எடுத்தான்.

"போதும். ஜாயின்ட் டப்பாவை மூடு," என்றேன்.

"அண்ணே, கிரீனும் பிரவுனும் இருக்கே?"

"மெஷின்ல எலக்ட்ரோடு தேஞ்சிருச்சு. மதுரையிலருந்து புதுசு வரணும்."

"போன மாசந்தானண்ணே மாத்துனோம்?"

"ஏலே, நான் சொல்றேன்ல?"

முருகேசன் என்னோடு இருபது வருசமாக இருக்கிறவன். என் முகத்தைப் பார்த்தான். டப்பாவை மூடினான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

அதோடு நின்றேனா? பர்வீன் கஸ்டமர் வீடுகளுக்கு நானே போனேன். கூட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு விசேசத்தைக் காட்ட முடியவில்லையே என்று முணுமுணுப்பார்கள், இதுதான் நேரம் என்று என் புத்தி சொன்னது.

முதல் வீட்டில், "என் லைன் ஓடுதும்மா. இன்னைக்கே மாத்தித் தாரேன்," என்றேன்.

"வேணாங்க. பர்வீன் காலையிலயே வந்துட்டுப் போயிருச்சு. லைன்காரவுக வெயில்ல கிடந்து பாக்குறாக, கொஞ்சம் பொறுத்துக்குங்க மாமின்னு சொல்லுச்சு."

இரண்டாவது வீட்டிலும் அதே பேச்சு. மூன்றாவது வீட்டில் வாசலுக்கு வந்த அம்மா என் சட்டை வேர்வையைப் பார்த்தார்.

"நீங்கதான் லைன் பாக்குறவுகளா? இருங்க இருங்க. உங்க ஆளுக வந்தா தண்ணி குடுங்கன்னு பர்வீன் சொல்லியிருக்கு," என்று நன்னாரி சர்பத் கரைத்துக் கொண்டுவந்தார்.

நான் அறுத்துப் போட்ட லைனுக்கு எனக்கே சர்பத். வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய? ஆறு வீடு ஏறி இறங்கினேன். ஒரு வீடுகூட மாறவில்லை.

6. அசருக்குள்

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்த நேரம். பர்வீன் என் ஆபீசுக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மாமா, லைன் எப்ப வரும்?"

"எலக்ட்ரோடு வரணும் ஆத்தா. மதுரைக்குச் சொல்லியிருக்கு."

போனைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். ஒரு போட்டோ. ஒரே சுவரை ஒட்டிய இரண்டு வீடு. ஒரு மோடத்தில் பச்சை, ஒரு மோடத்தில் சிவப்பு.

"இது உங்க கஸ்டமரு. இது எங்க கஸ்டமரு. ஒரே கம்பத்துலருந்துதான் ரெண்டு வயரும் இறங்குது. எலக்ட்ரோடு பச்சைக்கு நல்லாயிருந்து சிவப்புக்குத் தேயுமா மாமா?"

போனை அவள் பக்கமே தள்ளினேன்.

"ரெண்டு வருசத்துல நானும் கொஞ்சம் படிச்சிருக்கேன். நீங்க வீடு வீடா ஏறுனதும் தெரியும். சர்பத் குடிச்சதும் தெரியும்."

"ஏத்தா, அது வந்து..."

"இதைக் கம்பெனிக்கு நான் இன்னும் அனுப்பல. அனுப்புனா அடுத்த மாசம் இங்கன கம்பம் நட ஆளு வந்துரும். உங்களுக்கு நல்லதில்ல. எனக்கும் நல்லதில்ல, அவுக சொந்த லைன் போட்டா ஏஜென்ட் எதுக்கு? ஆனா சாயங்காலம் அசர் தொழுகைக்குள்ள லைன் வரலன்னா அனுப்பிருவேன். எனக்கு நாப்பத்தோரு வீடு பதில் கேக்குது."

போனை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். பையிலிருந்து அந்த நீள நோட்டை எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"லைனைச் சேத்துட்டு, நீங்களே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, வந்துருச்சான்னு கேளுங்க. மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம். வந்துருச்சான்னு கேட்டாப் போதும். வழக்கமா நான் செய்யிறதுதான். இன்னைக்கு நீங்க செய்யிங்க."

"நோட்டை எங்கிட்டக் குடுத்துட்டுப் போறியே?"

"ஆமா மாமா. குடுத்துட்டுத்தான் போறேன்."

போய்விட்டாள். முப்பது வருசம் கட்டிய தொழில் அவள் போனில் ஒரு போட்டோவாக உட்கார்ந்திருந்தது. முருகேசனைக் கூட்டிக்கொண்டு அந்த முக்குக்குப் போனேன். மெஷினில் நானே உட்கார்ந்தேன். கிரீன், பிரவுன் இரண்டிலும், ஒட்டின இடத்தில் வெளிச்சம் குறைகிற லாஸ் ஸ்கிரீனில் கிட்டத்தட்ட சைபர் காட்டியது. அப்படி ஒரு ஜாயின்ட் இந்த ஜில்லாவில் வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. அசருக்கு பாங்கு சொல்வதற்கு முன்பே டப்பாவை மூடினேன்.

ஆட்டோவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். முருகேசன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, எல்லா நம்பரும் இருக்கு. பக்கம் பக்கமா போட்டோ எடுத்துக்கவா?"

இரண்டு வருசமாக நான் ஆசைப்பட்ட நோட்டு. எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் கண் எழுத்தில் விழுந்தது. நம்பருக்குப் பக்கத்தில் அவள் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். 'மாமிக்குக் காது கேக்காது, சத்தமா பேசணும்.' 'மகன் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் கூப்பிடுவாரு, அந்த நேரம் லைன்ல கை வைக்கக் கூடாது.' 'மோடத்தை அலமாரிக்குள்ள வச்சிருக்காங்க, மறுபடி சொல்லணும்.' 'புருசன் இறந்து இத்தாவுல இருக்காங்க, ஆம்பள ஆள அனுப்ப வேணாம்.'

இந்த நம்பர்கள் என்னிடம் இருந்து என்ன செய்ய? கூப்பிட்டால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாதே.

"சும்மா இருடா," என்றேன்.

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். லைன் வந்துருச்சா என்று கேட்டேன். வந்துருச்சு என்றார்கள். அதோடு வைக்கவில்லை. ஒரு வீட்டில் மாடி ரூமுக்கு நெட் எடுக்கவே இல்லை என்றார்கள். ஒரு வீட்டில் வயர் கதவில் சிக்கி நசுங்குகிறது, சொல்ல வெட்கமாக இருந்தது என்றார்கள். என் வயரைப் பற்றி எனக்குத் தெரியாத ஏழெட்டுப் பழுது அன்று சாயங்காலம் ஒன்றிலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நம்பர் எதையும் எழுதிக்கொண்டீர்களா என்று அவள் கேட்கவில்லை.

"எத்தனை பேரு எடுத்தாங்க மாமா?"

"முப்பத்தெட்டு."

"மிச்சம் மூணு?"

"எடுக்கல."

"சரி, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்," என்று ஸ்கூட்டியை எடுத்தாள். மூன்று வீட்டுக்கு நேரில் போகிறாள்! அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் வயிறு எரிந்தது. ஆனால் இந்தத் தடவை எதற்கு எரிகிறது என்று சரியாகத் தெரிந்தது.

7. என் கஸ்டமர்

அந்த போட்டோ கம்பெனிக்குப் போகவில்லை. என் அக்ரிமென்ட் இன்றும் ஓடுகிறது. பர்வீனுக்கு இப்போது அறுபது வீட்டுக்கு மேல். பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. கடைத்தெரு வழியாகப் போனால் இன்றும் கண் அவள் வாசலுக்குத்தான் போகிறது.

இளம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். லைனை வாடகைக்கு விடுங்கள், பயப்படாதீர்கள். சும்மா கிடக்கிற கோர் சோறு போடும். ஆனால் உங்கள் வயரில் இன்னொருத்தர் பேர் வாங்கினால், அவர் உங்களிடமிருந்து எதையோ திருடிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்யாமல் விட்ட ஏதோ ஒரு வேலையை அவர் செய்கிறார். அது என்ன என்று போய்ப் பாருங்கள். நான் இரண்டு வருசம் செருப்பை எண்ணினேன், அதைப் பார்க்கவில்லை.

அவள் நோட்டைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நாள் காலையில் நானும் ஒரு நீள நோட்டு வாங்கினேன். எந்த வீடு எந்தக் கம்பத்திலிருந்து எடுக்கிறது, எத்தனை மீட்டர் வயர், லைனைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் எது என்று என் வீடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எழுத உட்கார்ந்தபோது பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. சரி, கேட்டு எழுதுவோம் என்று, பதினெட்டு வருசமாக என்னிடம் லைன் வைத்திருக்கிற ஒரு வீட்டுக்கு முதலில் போன் போட்டேன்.

"யாரு?"

"கேபிள் கருப்பையா பேசுறேம்மா. லைன் நல்லா ஓடுதா?"

அந்த அம்மா பயந்த குரலில் கேட்டார்:

"ஏங்க, கட் பண்ணப் போறீங்களா?"